நூற்று நாற்பத்து மூன்றாவது கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

உத்தேச விடைக்குறிப்பு வந்துவிட்டது. நூற்று நாற்பத்து மூன்றாவது கேள்வியில் தேர்வு வாரியம் என் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறது.

கேள்வியை அப்படியே எழுதி வைக்கிறேன். 0.999... என்று ஒன்பதுகள் முடிவில்லாமல் தொடரும் தசம எண், (அ) 1-க்குச் சமம், (ஆ) 1-ஐ விடச் சிறியது, (இ) 1-ஐ விடப் பெரியது, (ஈ) தீர்மானிக்க இயலாது. நான் அ போட்டேன். வாரியம் ஆ என்கிறது. நான்கு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆ தான்.

எனக்கு முப்பத்தொன்பது வயது முடியப்போகிறது. இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு நாற்பது. இளநிலை உதவியாளர் வேலைக்கு இது எனக்கு ஐந்தாவது முயற்சி, அடுத்தது கிடையாது. இருநூற்றுக்கு நூற்று அறுபத்தொன்று வருகிறது. அந்த ஒன்று சேர்ந்தால் நூற்று அறுபத்திரண்டு. படிக்காமல் விட்ட கேள்வியில் போனால் என் தலையெழுத்து என்று இருந்துவிடுவேன். சரியாக எழுதினதில் போகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாரீஸ்வரி போன் செய்தாள். நூலகத்து மாடியில் ஐந்து வருஷமாக என் பக்கத்து நாற்காலி அவளுடையது. இருபத்தேழு வயது. காலையில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துவிட்டு மதியம் படிக்க வருவாள். "கனியக்கா, எனக்கு நூத்தி அறுபத்திரண்டு வருதுக்கா" என்றாள். குரலில் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள். நல்லது என்றேன். அவள் அந்தக் கேள்விக்கு ஆ போட்டிருக்கிறாள்.

உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

பால்சாமி சாரிடம் போனேன். அருப்புக்கோட்டையில் அரசு வேலைக்குப் படிக்கிற எல்லோரும் அவருடைய வெற்றிப்படி பயிற்சி மையத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்கள்தான். அவர் போட்ட கைடைத்தான் மாவட்டமே மனப்பாடம் செய்கிறது. விடைக்குறிப்பு வந்த மறுநாள் எல்லோரிடமும் மதிப்பெண் கேட்டுப் பலகையில் வரிசையாக எழுதிப்போடுவது அவர் வழக்கம். பெரும்பாலும் அந்த வரிசைதான் கடைசியில் தரவரிசையாக வரும்.

எங்கள் பிரிவுக்கு இந்த மாவட்டத்தில் மூன்று இடம். பலகையில் முதல் பெயருக்கு நூற்று எழுபது, அடுத்ததற்கு நூற்று அறுபத்தாறு, மூன்றாவது மாரீஸ்வரி. நான்காவது என் பெயர், சண்முகக்கனி, நூற்று அறுபத்தொன்று. ஐந்தாவது ஆள் நூற்று ஐம்பத்தெட்டில் நிற்கிறார்.

"சார், உங்க கைடுல தப்பாப் போட்டுருக்கீங்க. புள்ளி ஒன்பது ஒன்பதுன்னு முடிவில்லாமப் போனா அது ஒண்ணுதான்" என்றேன்.

"கண்ணாலயே தெரியுதுல்லம்மா. முன்னால சைபர் நிக்குது. சைபர்ல ஆரம்பிக்கிறது எப்படி ஒண்ணாகும்?"

"நாலுக்குக் கீழ நாலுன்னு எழுதுனா அதுல எங்க சார் ஒண்ணு தெரியுது? அது ஒண்ணு இல்லையா?"

"அது பின்னம். இது தசமம். பதினெட்டு வருசமாக் கைடு போடுறேன், ஒரு பய கேட்டதில்ல."

கேட்கவில்லை என்றால் சரியாகிவிடுமா? அதற்கு மேல் சொன்னதுதான் என் வயிற்றை எரித்தது. "கேள்வி எடுத்தவரே நம்ம கைடைப் பாத்துத்தாம்மா எடுத்துருக்காரு. வரிக்கு வரி அதேதான்" என்று பெருமையாகச் சிரித்தார். திருடன் வீட்டுக்குள் வந்து நம் அண்டாவைத்தான் எடுத்தான் என்று ஒரு மனுஷன் பெருமைப்படுவதை இன்றுதான் பார்த்தேன்.

ஆட்சேபணை தெரிவிக்க ஒன்பதாம் தேதி மாலை ஐந்தரை வரை நேரம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாடநூலின் பக்கம், அதன் முகப்புப் பக்கம் இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கைடுகள் ஏற்கப்படாது என்று வாரியமே எழுதியிருக்கிறது. கேள்வி எடுக்க மட்டும் ஏற்கப்படும் போல.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் தவசி விசைத்தறியில் வேலை செய்கிறார். தறிச் சத்தத்திலேயே இருப்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். சோறு போடும்போது சொன்னேன்.

"அது எப்படி? ஒண்ணுகிட்ட வந்துக்கிட்டே இருக்கும், தொடாது. அதானே?" என்றார்.

"வந்துக்கிட்டே இருக்க அது என்ன மதுரை பஸ்ஸா? அது ஒரு எண். எங்கயும் வரல, எங்கயும் போகல. எழுத ஆரம்பிச்சா நமக்குத்தான் முடியாது. அது பாட்டுக்கு இருக்கிற இடத்துல இருக்கு."

"இருந்தாலும் ஒரு இம்மியாவது கொறையும்ல?"

"அப்ப ரெண்டும் வேற வேறங்கிறீங்க. வேறன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண் இருக்கணும். சொல்லுங்க."

யோசித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டு யோசித்தார். "எல்லா ஒம்பதும் முடிஞ்ச பெறகு ஒரு அஞ்சைப் போட்டுக்க" என்றார்.

"முடியவே முடியாதுங்கிறேன். முடிஞ்ச பெறகுன்னா எங்க போய் அஞ்சைப் போடுவீங்க?"

இவர் வாயடைத்துப் போனார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இரண்டாவது தடவை. எனக்கு ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. அப்புறம் கை கழுவப் போகிற வழியில் கேட்டார்: "ஆமா, மாரி புள்ளைக்கு நீதானே கணக்குச் சொல்லிக் குடுப்ப. அது எப்படித் தப்பா எழுதுச்சு?"

கைடைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறாள் என்றேன். அது உண்மைதான்.

மார்ச் 6, வெள்ளி

எட்டு நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வந்தது. பத்தொன்பது குடம். எதிர்வீட்டுக்காரி மோட்டார் போட்டு உறிஞ்சுகிறாள், கேட்டால் சண்டைக்கு வருகிறாள். இந்த ஊரில் நியாயம் கேட்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர்.

மார்ச் 7, சனி

நூலகம் முழுக்கத் தேடினேன். போட்டித் தேர்வுப் பகுதியில் மூன்று அலமாரி, மூன்றும் கைடு. கணக்குப் பாடநூல் என்று ஒன்றுகூட இல்லை. மாரி நாற்காலியும் காலியாகக் கிடந்தது.

சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்றபடியே, "பால்சாமி சார் சொன்னாருக்கா, நீங்க ஆட்சேபணை போடப் போறீங்களாம்" என்றாள்.

"ஆமாடி."

"அ தான் சரின்னு வாரியம் மாத்திட்டா எனக்கு ஒண்ணு கொறைஞ்சிரும்லக்கா?"

"கொறையும்."

"நீங்க மூணாவது, நான் நாலாவது."

என்ன சொல்வது? நான் பொய்க் கணக்கா போடுகிறேன்? தப்பை எழுதினவர்கள் வாரியத்தார், தப்பை அச்சடித்தவர் பால்சாமி. நான் ஏன் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும்?

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "அது எப்படிச் சமம்னு எனக்குச் சொல்லுங்கக்கா" என்று கேட்டாள். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதினேன். ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333... முடிவில்லாமல் வரும். அதை மூன்றால் பெருக்கினால் 0.999... வரும். ஆனால் மூன்றில் ஒரு பங்கை மூன்று தடவை சேர்த்தால் முழுசாக ஒன்றுதானே வர வேண்டும்? அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதான்.

பார்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இவ்வளவுதானாக்கா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"இது எப்பருந்து உங்களுக்குத் தெரியும்?"

பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, துணியை அலசிப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். காபி குடித்துவிட்டுப் போடி என்றேன். இன்னொரு நாள் குடிக்கிறேன் என்று போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கு மாரி மறுபடியும் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் உறை. பல் டாக்டருடைய மகள் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாளாம், அவளிடம் கேட்டு வாங்கின பல்கலைக்கழகப் பாடநூலின் நகல். அந்தப் பக்கம், முகப்புப் பக்கம், பதிப்பு ஆண்டு போட்ட பக்கம், எல்லாமே இரண்டிரண்டு பிரதி. சம்பந்தப்பட்ட வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லிசாகக் கோடுகூடப் போட்டிருந்தாள்.

"நாளைக்குக் கடைசி நாளு. உங்களுக்குப் புக்கு கிடைக்கலைன்னு நூலகத்துல சொன்னாங்க" என்றாள். உட்காரவில்லை.

அவள் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவளை யார் கொண்டுவரச் சொன்னது? தன் வேலையைப் பறிக்கிற கத்தியைத் தானே தீட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறவளை என்னவென்று சொல்வது? நல்லவள் என்று பெயர் வாங்க வேண்டுமா? சட்டியைத் தேய்த்துத் தேய்த்து அடியே பளபளத்துவிட்டது.

சரி. டைரிதானே, எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் பதினான்கு தேர்வு. பதின்மூன்றாம் தேதி மதியம் நூலகத்தில் இருவரும் கைடைக் கடைசியாகத் திருப்பிக்கொண்டிருந்தோம். அவள் இந்தக் கேள்வியைக் காட்டி, "இது சிறியதுன்னு போட்டுருக்கே, சரியாக்கா?" என்று கேட்டாள். எனக்கு அது நவம்பரிலேயே தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது மூன்றில் ஒன்றைப் பற்றி யோசித்து நானாகக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு முழுக்க யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். மாரி கேட்டபோது, "கைடுல இருக்கிறதையே போடு, சிறியதுதான்" என்றேன்.

அன்று படிக்க இன்னும் நூறு பக்கம் கிடந்தது. விளக்க உட்கார்ந்தால் நேரம் போகும். அவளும் குழம்பிப்போவாள். தேர்வுக்கு முதல் நாள் ஒருத்தியைக் குழப்பக் கூடாது. இதைத்தான் நினைத்தேன்.

அதற்கு முந்தின வாரம் மாதிரித் தேர்வில் அவள் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட எடுத்திருந்தாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நேற்று எழுதினதைப் படித்துப் பார்த்தேன். விளக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மாலை நாலு மணிக்கு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஆட்சேபணையை அனுப்பிவிட்டேன். மாரி கொண்டுவந்த நகலைத்தான் வைத்தேன். வேறு எதை வைப்பது? ஒப்புகைச் சீட்டு பீரோவில் இருக்கிறது. நியாயம் நியாயம்தான், அதை யார் கொண்டுவந்து கொடுத்தால் என்ன?

மார்ச் 23, திங்கள்

இறுதி விடைக்குறிப்பு வரவில்லை. மாரி இப்போது நூலகத்தில் ஜன்னலோர மேசையில் உட்காருகிறாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 6, திங்கள்

அம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா. பொங்கல் வைத்து, மாவிளக்கு எடுத்து, முதுகு உடைந்தது. கோவிலில் மாரியைப் பார்த்தேன். சிரித்தாள். கூட்டத்தில் பேச முடியவில்லை. நானும் முண்டியடித்துக்கொண்டு போகவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

வந்துவிட்டது. இதைப் போல ஒரு அக்கிரமம் உண்டா?

"வினா எண் 143: நிபுணர் குழுவின் பரிந்துரையின்படி அ, ஆ ஆகிய இரண்டு விடைகளும் சரியானவையாக ஏற்கப்படும்."

இரண்டும் சரியாம். ஒரு எண் ஒன்றுக்குச் சமமாகவும் இருக்குமாம், ஒன்றைவிடச் சிறியதாகவும் இருக்குமாம். நிபுணர் குழுவாம். நான் அனுப்பின பக்கத்தை ஒரு ஆள் படித்திருந்தால் இப்படி எழுதக் கை வருமா? படித்திருப்பார்கள். நான் சொன்னது சரி என்று தெரிந்திருக்கும். ஆனால் தப்பு செய்தோம் என்று ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஒரு வார்த்தை, தவறு நேர்ந்தது என்று சொன்னால் கிரீடமா இறங்கிவிடும்? தெரிந்தே தப்பான பதிலைச் சரி என்று சொல்கிறவர்களை என்ன செய்தால் தகும்?

கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துணியை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

இவருக்கு ஒரே சந்தோஷம். "பெறகென்ன, உனக்கும் நூத்தி அறுபத்திரண்டு, அந்தப் புள்ளைக்கும் நூத்தி அறுபத்திரண்டு. ரெண்டு பேருக்கும் வேலை" என்றார்.

"இருக்கிறது ஒரு இடம்" என்றேன்.

"அப்ப யாருக்குத் தருவாய்ங்க?"

அறிவிக்கையில் பதினோராவது பத்தி. மதிப்பெண் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மே 12, செவ்வாய்

தரவரிசை வெளியாகிவிட்டது. மூன்றாவது பெயர் ச. சண்முகக்கனி. நான்காவது, காத்திருப்போர் பட்டியலில், பெ. மாரீஸ்வரி.

பால்சாமி சார் கேசரியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பேனர் அடிக்க என் போட்டோ வேண்டுமாம். "நம்ம கைடு படிச்சு ஜெயிச்ச பொண்ணு" என்று தெருவில் நின்று சொல்கிறார். "உங்க கைடைப் படிச்சவ நாலாவதா நிக்கிறா சார். அவ போட்டோவைப் போடுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று இவர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். கேசரியை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இருபதாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. போவேன். போகாமல் இருக்கிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது. பதினாறு வருஷமாக ஒரு தறிக் கூலியில் குடும்பம் நடத்துகிறேன், எனக்கு அந்த வேலை வேண்டும்.

மே 14, வியாழன்

மாரி வீட்டுக்குப் போனேன். சொக்கலிங்கபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மாரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா, வாழ்த்துகள்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன். எதுவும் ஞாபகத்தில் இல்லை. "மாரி, அன்னைக்கு நீ கேட்ட, எப்பருந்து தெரியும்னு. பரீட்சைக்கு முந்தியே எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் உன்கிட்டச் சிறியதுன்னு சொன்னேன்" என்றேன்.

அவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு தெரியும். டிசம்பர் மொத வாரம் நூலகத்துல நீங்க டீ குடிக்கப் போனப்ப, விகிதக் கணக்குக்காக உங்க நோட்டை எடுத்தேன். அதுல இது இருந்துச்சு. சமம்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தீங்க. அதான் பரீட்சைக்கு மொத நாள் உங்ககிட்டக் கேட்டேன்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பால் பொங்கின அன்று கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. அந்த மஞ்சள் உறையைக் கொண்டுவந்தபோதும் தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறாள்.

"நோட்டுல பாத்துட்டு, பெறகு ஏன்டி சிறியதுன்னு போட்ட?" என்று கேட்டேன். இதிலும் எனக்குக் கோபம்தான் வந்தது. குரல் உயர்ந்துவிட்டது.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "நோட்டுல நீங்க ஒரு நாள் தப்பாப் போட்டிருப்பீங்க, பெறகு நல்லா யோசிச்சு எனக்குச் சரியாச் சொல்றீங்கன்னு நினைச்சேன்க்கா. நோட்டா நீங்களான்னு பாத்தேன். நீங்க சொன்னதைப் போட்டேன்."

ஐந்து வருஷத்தில் ஆயிரம் கணக்காவது சொல்லிக் கொடுத்திருப்பேன். ஒன்றையாவது அவள் விடைப் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்து நான் பார்த்ததில்லை.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் காபி போட உள்ளே போய்விட்டாள். குடித்தேன். சர்க்கரை எனக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், அளவாகத்தான் போட்டிருந்தாள்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் வந்தாள். அடுத்த தேர்வு அறிவிப்பு ஆகஸ்டில் வரும் என்று பேசிக்கொள்கிறார்களாம். கணக்குப் பகுதி இன்னும் கஷ்டமாக இருக்குமாம்.

"சாயங்காலம் வந்து உக்காரு மாரி, எல்லாத்தையும் மொதல்லருந்து சொல்லித் தாரேன்" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம்க்கா" என்றாள். "நோட்டை மட்டும் குடுத்துருங்க."

தருகிறேன் என்றேன்.